தவக்கால வெள்ளியில் ஒரு சஹன் பிரியாணி

ஃப்ரிட்ஜ் சர்வீஸுக்கு வரும் தம்பிகளுக்கு முதலில் ஒன்று சொல்வேன். காஸ் சார்ஜ் பண்ணியதும் பையைத் தூக்காதீர்கள். ஃப்ரீசரில் பனி பிடிக்கிறதா என்று அரை மணி நேரம் இருந்து பாருங்கள். நான் மாட்டிக்கொண்டதும் அப்படி ஒரு அரை மணி நேரத்தில்தான்.

தவக்காலத்து வெள்ளிக்கிழமை. ஸ்ரீரங்கத்தில் ஒரு வேலையை முடித்துவிட்டு, பாலக்கரையில் ஒரு பாய் வீட்டுக்குப் போனேன். ஃப்ரிட்ஜுக்குள் காஸ் ஓடும் மெல்லிய காபிலரி குழாயில் அடைப்பு. சரிசெய்து காஸ் ஏற்றும்போது மணி ஒன்றரை.

அந்த வீட்டு மருமகள் அடுப்படி வாசலில் நின்று மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணே, மாமி மவுத்தாகி எங்கள விட்டுப் போனதுலேர்ந்து மாமா சரியாவே சாப்பிடறதில்ல. நேத்துலேர்ந்து வெறும் டீதான். சுகர் மாத்திரை வேற போடறாங்க. யாராச்சும் விருந்தாளி உக்காந்தா மட்டும் கூட உக்காருவாங்க. நீங்க கொஞ்சம் உக்காருங்களேன்."

உட்கார்ந்தேன். அவள் மாமனாரான பெரியவரும் எதிரில் வந்து உட்கார்ந்தார். வந்தது ஒரே சஹன். அந்தப் பெரிய தட்டில் இரண்டு பேரும் சேர்ந்துதான் சாப்பிட வேண்டும். மட்டன் பிரியாணி.

எனக்கோ தவக்காலம் நாற்பது நாளும் கறி கிடையாது. மகள் காய்ச்சலில் கிடந்து பிழைத்தபோது மாதாவுக்கு வைத்த நேர்ச்சை. இருபத்திரண்டு வருஷமாகத் தவறியதில்லை.

"எனக்குக் கொஞ்சம் தயிர் சோறு போதும் பாய்" என்றேன்.

நீட்டிய கையைப் பெரியவர் இழுத்துக்கொண்டார். "அப்ப எடுத்து வச்சிரும்மா. எனக்கும் பசியில்ல."

நோன்பு என்று சொன்னால் இன்னும் சங்கடப்பட்டு எழுந்துவிடுவார். மருமகள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். மாதாவே, நீயே பார்த்துக்கொள் என்று தட்டில் கையை வைத்தேன். அவரும் வைத்தார். நல்ல துண்டாகப் பார்த்து என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார்.

"என்ன, கோழி கொத்துற மாதிரி? கம்ப்ரஸர் தூக்கற ஆளு, நல்லா சாப்பிடுங்க."

மறுநாள் கோவிலில் பாவசங்கீர்த்தனம் செய்து, கறி சாப்பிட்டதைச் சொன்னேன். சாமியார் கேட்டார்.

"பெரியவர் எவ்வளவு சாப்பிட்டாரு?"

"பாதித் தட்டு, சாமி."

"நல்லது. பரிகாரமா இன்னொரு தடவை அவரைப் போய்ப் பாரு."

அதற்கு வழி தேட வேண்டியிருக்கவில்லை. அடுத்த வெள்ளியே பாய் போன் செய்தார். "கூலிங் இல்ல, வாங்க." போய்ப் பார்த்தால் ப்ளக் பிடுங்கிக் கிடந்தது. தரையில் அதே சஹன். பருப்புச் சோறு, கத்திரிக்காய்.

"நேத்து போன் பண்ணினப்ப உங்க வீட்டம்மா எடுத்து நோன்பு விஷயத்தைச் சொல்லிட்டாங்க" என்றார். "இன்னிக்கு நமக்கும் கறி இல்ல. உக்காருங்க."

நேர்ச்சையை நான் விட்டுவிடவில்லை. இந்த வருஷமும் கறி தொடவில்லை. ஆனால் அன்றைக்கு அந்தப் பிரியாணியைத் தொடாமல் எழுந்திருந்தால், அதைத்தான் பாவம் என்று போய்ச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆகவே தம்பிகளே, கூலிங் இல்லை என்று கூப்பிட்டால் முதலில் ப்ளக்கைப் பாருங்கள். பிடுங்கியிருந்தால், உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.