துண்டுச் சீட்டு கேட்காத ஆஸ்பத்திரி

உள்ளே என் வீட்டுக்காரர் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார். வாசலில் இரண்டு பேர் நின்றுகொண்டு எந்த நாட்டு ஆஸ்பத்திரி உசத்தி என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். இந்தச் செபக்கூட்டத்தில் என் சாட்சியை நான் அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். கோபப்படாமல் பேசும்படி சாமியார் சொல்லியிருக்கிறார். முடிந்தவரை பார்க்கிறேன்.

என் பேர் செபஸ்தியம்மாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். இரண்டு நாட்டு சர்க்காரும் ஒப்பந்தம் போட்டு எங்களை அனுப்பிவிட்டார்கள். மண்டபம் முகாமில் கிடந்தோம், மெட்ராஸில் கப்பலேறினோம், அந்தமானில் இந்த பாம்பூஃப்ளாட்டில் வந்து இறங்கினோம். என் வீட்டுக்காரர் அருளப்பனுக்கு ஒரு குத்தகைக்காரரிடம் மரக்கட்டை ஏற்றும் வேலை கிடைத்தது. என் அண்ணன் சூசையும் எங்களோடு வந்தவர்தான், பக்கத்துக் குடிசையில் இருந்தார்.

வந்த அடுத்த வருஷம், பெந்தேகோஸ்துத் திருநாள் கழிந்த வாரம், மழை பிடித்துக்கொண்டது. திங்கட்கிழமை இவருக்குத் தொப்புளைச் சுற்றி வலி. வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தேன். அதையும் வாந்தி எடுத்தார். செவ்வாய்க்கிழமை வலி வலது பக்கம் இறங்கி நின்றுகொண்டது. காய்ச்சல் கொதித்தது. புதன்கிழமை காலையில் வயிறு பலகை மாதிரி இறுகிவிட்டது. தொட்டால் அலறினார். கட்டை தூக்குகிற மனுஷன் அவர், அலறி நான் அதுவரைக்கும் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரி எங்கே இருந்தது? கண்ணுக்கு எதிரே! நம்ம ஜெட்டியில் ஃபெரி ஏறினால் எதிர்க்கரை சாத்தம். அங்கிருந்து மேடேறினால் பெரியாஸ்பத்திரி. உங்கள் எல்லாருக்கும் தெரிந்த வழிதான். பிறகு ஏன் மூன்று நாள் வீட்டில் கிடந்தார் என்று கேட்பீர்கள். துண்டு இல்லாததால் கிடந்தார்.

தோட்டத்திலிருந்து வந்தவர்களுக்கு இது புரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அங்கே நோவு வந்தால் கங்காணியிடம் சொல்ல வேண்டும். கங்காணி மனம் வைத்தால் மருந்துக்கார ஐயாவிடம் போகலாம். அவர் ஒரு சின்னத் தாளில் எழுதித் தருவார். அதுதான் துண்டு. துண்டு இருந்தால் டவுன் ஆஸ்பத்திரியில் படுக்கை உண்டு. துண்டில்லாமல் வேலையை விட்டுப் போனவனுக்குப் பேர் வெட்டு. அதாவது வேலையும் போச்சு, குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போச்சு. நோவுக்குப் பயப்படாதவர்கள்கூட அந்தப் பேர் வெட்டுக்குப் பயந்தார்கள். எங்கள் அப்பா, தாத்தா எல்லாரும் அப்படியே வாழ்ந்து முடித்தவர்கள்.

இங்கே கங்காணி இல்லை, மேஸ்திரி இருந்தார். மேஸ்திரி அந்த வாரம் வடக்கே மாயாபந்தருக்குப் போயிருந்தார்.

"மேஸ்திரி வரட்டும் புள்ள. துண்டு இல்லாமப் போனா பேர வெட்டிருவாங்க. அப்புறம் எந்த நாட்டுக்குப் போறது?" என்றார் இவர். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். இரண்டு நாடும் பார்த்தாயிற்று, இதற்கப்பால் கடல்தான்.

அண்ணன் வந்தார். கூடவே கடைக்காரர் கரீம் பாயும் வந்தார். நல்ல மனிதர், அவருடைய தம்பி பினாங்கில் இருக்கிறார். இரண்டு பேரும் மழைக்கு ஒதுங்கி வாசலில் நின்றார்கள்.

"சிலோனா இருந்தா இந்நேரம் வெள்ளை விரிப்புல படுக்க வச்சிருப்பான். சல்லிக்காசு கேக்க மாட்டான். இது காலாபானி பாய், காலாபானி! இங்க டாக்டருக்கு என்னா தெரியும்?" என்றார் அண்ணன்.

"பினாங்கு ஆஸ்பத்திரியப் பார்த்திருக்கீங்களா நீங்க? கண்ணாடி மாதிரி தரை. ஆனா காசு இருந்தாத்தான். நம்ம தம்பி கடைய வித்துத்தான் வைத்தியம் பாத்தான்" என்றார் பாய்.

"மெட்ராஸுக்குக் கொண்டு போயிரலாம். கப்பல் எப்ப?"

"கப்பலா? இந்தக் காத்துலயா?"

இப்படியே போனது. சிலோன், பினாங்கு, மெட்ராஸ், நடுவில் ரங்கூன் வேறு. உலகத்து ஆஸ்பத்திரியெல்லாம் என் வாசலில் வந்து வரிசை கட்டியது. என் புருஷனைத் தூக்க ஒரு கை வரவில்லை.

உள்ளே போய் மாதா படத்துக்கு முன்னால் முழங்கால் போட்டேன். அடக்கமாகச் செபித்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். சண்டை போட்டேன். "ஆண்டவரே, நீர் எந்த நாட்டுக்காரர்? சிலோன்காரரா, பினாங்குக்காரரா? இந்தத் தீவுக்கு வர உமக்கும் பாஸ்போர்ட் வேணுமா? இந்த மனுஷனைத் திருப்பித் தாங்க, இல்ல என்னையும் சேர்த்து எடுத்துக்குங்க. மேஸ்திரி வர்ற வரைக்கும் நான் காத்திருக்க மாட்டேன்" என்றேன். அழுதுகொண்டேதான் சொன்னேன்.

அழுது ஓய்ந்தபோது ஒன்று தோன்றியது. நானாக நினைத்தேனா, அவர் நினைக்க வைத்தாரா, நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள். லயத்துக் காம்பராவில் சின்னப் பிள்ளையாக முழங்கால் போட்ட நாள் முதல் ஆண்டவரிடம் பேச நான் யாரிடமும் துண்டு வாங்கியதில்லை. ராஜாதி ராஜாவிடமே துண்டில்லாமல் போகிறேன். ஒரு டாக்டரிடம் போக எனக்கு எதற்கு மேஸ்திரி?

எழுந்தேன். காதிலிருந்த தோட்டைக் கழற்றி முந்தானையில் முடிந்தேன். செலவுக்கு வேறு வழியில்லை.

"கதவைக் கழட்டுண்ணே" என்றேன்.

"என்னா பேசுற? துண்டு?"

"துண்டும் வேணாம் மண்ணும் வேணாம். பேரை வெட்டுறவன் வெட்டட்டும். எங்க அப்பா அம்மா வச்ச பேரு, அவன் வச்சதில்ல. கதவைக் கழட்டுறியா, நான் கழட்டவா?"

அண்ணன் கழட்டினார். கரீம் பாய் கடையை அப்படியே போட்டுவிட்டு மறுபக்கம் பிடித்தார். கதவில் இவரைக் கிடத்தி, மேலே தார்ப்பாய் போட்டு, ஜெட்டிக்குத் தூக்கினோம். வழியெல்லாம் இவர், "வேணாம் புள்ள, பேர் போயிரும்" என்று முனகிக்கொண்டே வந்தார்.

ஜெட்டியில் ஃபெரி கட்டிக் கிடந்தது. காற்று பேயாட்டம் போட்டது. படகோட்டும் சாரங்கு கையை விரித்தார். "தூஃபான் ஹை, மாஜி. நஹீன் ஜாயேகா."

எனக்கு அப்போது இந்தி அரைகுறை. புயல், ஃபெரி போகாது என்கிறார் என்பது மட்டும் விளங்கியது. எதிர்த்துப் பேச வார்த்தையில்லை. அதனால் அந்த மழையிலேயே, கதவுக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டு, உரத்த குரலில் செபமாலை சொல்ல ஆரம்பித்தேன். சாரங்கு தலையைத் திருப்பிக்கொண்டார். பாய் பக்கத்தில் நின்று தம் வழியில் துவா கேட்டார். அண்ணன் வாயும் அசைந்தது. செபமாலை முடியும் நேரத்தில் மழை தூறலானது. காற்று தணிந்தது. தற்செயல் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளுங்கள், எனக்கு வழக்கில்லை. சாரங்கு வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சலோ, ஜல்தி" என்று சீக்கிரம் ஏறச் சொன்னார். நாங்கள் சாத்தத்தில் இறங்கியதும் மறுபடி கொட்டியது.

சாத்தத்தில் ஒரு மர லாரிக்காரன் மேடேற்றிவிட்டான். ஆஸ்பத்திரி வராந்தாவில் கதவை இறக்கினோம். டாக்டர் ஒரு வங்காளி. அவரைக் கண்டதும் எனக்கு இருந்த தைரியமெல்லாம் காலுக்கு இறங்கிவிட்டது. எத்தனை தலைமுறைப் பயம்! கையைக் கட்டிக்கொண்டு, "ஐயா, துண்டு, பர்ச்சி, இல்ல... நஹீன்" என்று உளறினேன்.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "பர்ச்சி? கைசா பர்ச்சி?" என்றார், என்ன சீட்டு என்று. பிறகு என்னைத் தாண்டிக் கதவைப் பார்த்தார். "மரீஸ் யே ஹை?" என்று, நோயாளி இவரா எனக் கேட்டுக்கொண்டே தரையில் மண்டியிட்டு இவர் வயிற்றில் கை வைத்தார்.

அன்பானவர்களே, ஒரு டாக்டர் எங்கள் ஆளுக்கு முன்னால் ஈரத் தரையில் மண்டியிட்டதை நான் அன்றுதான் பார்த்தேன். எங்கள் ஊரைக் கேட்கவில்லை, முதலாளி யார் என்று கேட்கவில்லை.

குடல்வால் வெடிக்கும் நிலையில் இருந்ததாம். உடனே ஆபரேஷன். நான் முந்தானையை அவிழ்த்து மலையாளி நர்ஸிடம் தோட்டை நீட்டினேன். "காதிலே போடு அம்மா. இது சர்க்கார் ஆஸ்பத்திரி" என்று அதட்டினாள். அந்த அதட்டலுக்கு அழுத மாதிரி நான் எந்த ஆறுதலுக்கும் அழுததில்லை.

இந்த ஆஸ்பத்திரி சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. கூரை ஒழுகியது. ஒரு கட்டிலில் இரண்டு பேர் படுத்தார்கள். எதிர்க் கட்டிலில் இருந்த குடியேற்றக்காரருக்கு வேண்டிய மருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது. கப்பல் வருவதற்குள் அவர் போய்விட்டார். அதை நான் மறக்கவில்லை. பார்வையிட வந்த ஆபீசரிடம், "அடுத்த தடவை வெறுங்கையோட வராதீங்க ஐயா, மருந்தோட வாங்க" என்று தமிழிலேயே சொன்னேன். அவருக்குப் புரிந்திருக்கும், முகம் சிவந்தது.

அண்ணன் இன்னும் சிலோன் வைத்தியத்தைப் புகழ்கிறார். புகழட்டும். வெள்ளை விரிப்பு இருந்தது உண்மை, காசு கேட்காததும் உண்மை. ஆனால் படுக்கைக்கு முன்னால் ஒரு கங்காணி நின்றான். பினாங்கில் கண்ணாடித் தரை உண்டு, அதற்கு முன்னால் பணப்பெட்டி நிற்கிறது. இங்கே விரிப்புக் கிழிசல், ஆனால் முன்னால் யாரும் நிற்கவில்லை. என்னைக் கேட்டால் இதுதான் உசத்தி. கிழிசலைத் தைத்துத் தா என்று சர்க்காரிடம் சண்டை போடலாம். நான் போடுகிறேன்.

மேஸ்திரி திரும்பி வந்ததும் இவர் தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு போய், "துண்டு வாங்காமப் போயிட்டேன், மன்னிச்சிருங்க" என்று நின்றார். மேஸ்திரி விழித்தார். "என்னா துண்டு? எனக்கு எழுதவே தெரியாதேப்பா!" என்றார். எழுதத் தெரியாத மனிதரின் கையெழுத்துக்காக என் புருஷன் சாகப் பார்த்தார். அதோ, இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிறார், பாருங்கள். இப்போது சிரிப்பு வருகிறது அவருக்கு!

அன்றிலிருந்து எனக்கு ஒரே வேலை. யார் வீட்டில் நோவென்றாலும் போய் நிற்பேன். "யாரைக் கேட்டு வந்தேன்னு கேட்டா செபஸ்தியம்மா சொல்லிச்சுன்னு சொல்லு, எழும்பு!" என்பேன். செபமும் சொல்வேன், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டும் போவேன். இரண்டையும் ஆண்டவர் சேர்த்தேதான் கொடுத்தார், நான் பிரிப்பதில்லை.

கடைசியாக ஒன்று. நான் எழுந்ததிலிருந்து கதவோரம் ஒரு பெண் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமலை அடக்குகிறாள். பேர் சொல்ல மாட்டேன், பயப்படாதே. மாமியார் உத்தரவு வேண்டும், புருஷன் உத்தரவு வேண்டும் என்று நீ காத்திருப்பது எனக்குத் தெரியும். ஆண்டவர் உன்னிடம் எந்த உத்தரவும் கேட்கவில்லை. நாளைக்கு முதல் ஃபெரி. நான் ஜெட்டியில் நிற்பேன். நீ வரவில்லையென்றால், உன் வீட்டுக் கதவைக் கழட்ட வருவேன்.