அக்கரையில் கட்டிக்கொடுத்த மகள்கள்

"நோயாளியைப் பராமரிப்பவர் நோயாளியின் ரேஷன் அட்டையில் பெயர் உள்ளவராகவும், அதே வீட்டில் வசிப்பவராகவும் இருத்தல் வேண்டும். தக்க காரணம் இருப்பின், உள்ளாட்சி மன்றத்தின் பரிந்துரையின் பேரில், அரசு இந்நிபந்தனையைத் தளர்த்தலாம்." படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் உறவினருக்கு மாதந்தோறும் கொடுக்கும் உதவித்தொகையின் விதி இது. முதல் வாக்கியத்தை எந்த அலுவலகத்திலும் மனப்பாடமாகச் சொல்வார்கள். இரண்டாவது வாக்கியத்தை என் பணிக்காலத்தில் ஒருவரைத் தவிர யாரும் எடுத்துப் பயன்படுத்திப் பார்த்ததில்லை. அலுவலகச் சுவரில் தொங்கும் தீயணைப்பு வாளியைப் போல அது கிடந்தது. உள்ளே மணல் இருக்கிறதா என்றுகூட யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

எட்டிப் பார்த்த அந்த ஒருவர் எங்கள் பஞ்சாயத்துத் தலைவர். பாறசாலைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய அந்தக் கேரளப் பஞ்சாயத்தில் நான் செயலராக இருந்து ஓய்வு பெற்றேன். பல தலைவர்களைப் பார்த்தவன். தலைவர்கள் எப்போது எதற்கு வருவார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன், பெரும்பாலும் தவறாது. இவரிடம்தான் என் கணக்கு பொய்த்தது. சந்தை முக்கில் ஏத்தக்குலை, அதாவது நேந்திரன் வாழைக்குலை, வியாபாரம் செய்தவர். ஏலத்தில் கத்திக் கத்திக் கரகரத்துப்போன குரல். கட்சிக் கூட்டத்தில் அவர் பேசினால் அமரவிளை வரைக்கும் கேட்கும் என்று அவருடைய கட்சிக்காரர்களே கேலி செய்வார்கள்.

பதவியேற்ற கொஞ்ச நாளில், வியாழக்கிழமைதோறும் படுக்கை நோயாளிகளைப் பார்க்கப் போகும் நர்ஸின் ஜீப்பில் அவரும் ஏறிக்கொள்ளத் தொடங்கினார். போட்டோ எடுக்கத்தான் என்று நான் முடிவு செய்தேன். போட்டோக்காரர் யாரும் போகவில்லை என்று டிரைவர் சொன்னபோது எனக்கு ஆர்வம் வந்துவிட்டது. ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லி ஒரு வியாழக்கிழமை நானும் ஏறினேன். நோயாளியின் கட்டிலருகே அவர் ஒரு நிமிடம் நின்றார். பிறகு நேரே அடுக்களைக்குப் போனார். அங்கே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மருமகளிடம், "மக்கா, நீ கடைசியா ஒறங்கினது எப்பம்?" என்று கேட்டார். அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்தது. தலைவர் நர்ஸைக் கூப்பிட்டு, "இவளுக்கும் பிரஷரும் சுகரும் பாரு, சிஸ்டரே" என்றார். போன வீட்டிலெல்லாம் இதேதான் நடந்தது.

அதன் விளைவாக அடுத்த தணிக்கையில் ஒரு ஆட்சேபணை வந்தது. பதிவு செய்த நோயாளிகளைவிடச் சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப்புகள் பல மடங்கு செலவாகியிருக்கின்றன, காரணம் என்ன? தலைவரைக் கேட்டேன். "எழுதும் சாரே. கெடக்குற ஆளு சாவுறதுக்கு முந்தி நோக்குற ஆளு விழுந்திருது. அப்பம் பஞ்சாயத்துக்கு நோயாளி ரெண்டு. ஒண்ணோட நிறுத்துறதுக்காக்கும் இந்தச் செலவு." இதை அலுவலக மலையாளத்தில் 'எதிர்காலச் செலவினத்தைக் குறைக்கும் முன்னெச்சரிக்கை நடவடிக்கை' என்று மாற்றி அனுப்பினேன். தணிக்கையாளர்கள் ஏற்றுக்கொண்டார்கள். புரியாத வாக்கியங்களை அவர்கள் மறுத்ததில்லை.

இனி அந்தத் தாயும் மகளும். இந்தப் பகுதியில் பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் மாப்பிள்ளை பார்ப்பது ஒரு வழக்கம். வயதான காலத்தில் மகள் நடந்தே வந்து பார்த்துக்கொள்வாள் என்ற கணக்குத்தான். மாநிலங்களைப் பிரித்தவர்கள் இந்தக் கணக்கைக் கேட்டுக்கொண்டு கோடு போடவில்லை. அந்த அம்மையின் வீடு கேரளத்தில். பின்னால் ஓடும் சிறு ஓடையைத் தாண்டினால் மகளைக் கட்டிக்கொடுத்த வீடு, அது தமிழ்நாட்டில். நடுவே ஒரு தென்னந்தடிப் பாலம். அம்மைக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் முழுதும் விழுந்தபோது, ஒரே மகளான அவள் முந்திரி ஆலை வேலையை விட்டுவிட்டு, விடியும் முன் பாலம் தாண்டி வந்து, இருட்டிய பின் திரும்பிப்போனாள். ஆலையில் அவள் இடத்தை அந்தப் பருவம் முடியும் வரைதான் வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். உதவித்தொகை வந்தால் அம்மையோடு இருக்கலாம். இல்லாவிட்டால் வேலைக்குப் போயே ஆக வேண்டும், அம்மை தனியே கிடப்பாள். ஆனால் அவளுடைய பெயர் இருந்தது கணவன் வீட்டு அட்டையில், அதாவது இன்னொரு மாநிலத்தின் அட்டையில்.

எனக்கு இதற்கு வழி தெரியும். முப்பது வருடம் கோப்பு பார்த்தவனுக்குத் தெரியாத குறுக்கு வழியா? அங்கே பெயரை வெட்டி, இங்கே அம்மையின் அட்டையில் சேர்த்து, 'இவர் இவ்வீட்டிலேயே நிரந்தரமாக வசிக்கிறார்' என்று தலைவர் ஒரு சான்று கொடுத்தால் போதும். முந்தைய தலைவர்கள் இதைவிடப் பெரிய பொய்களில் டீ குடித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டதை நான் பார்த்திருக்கிறேன். சான்றைத் தட்டச்சு செய்து மேசையில் வைத்தேன். அவர் இரண்டு முறை படித்துவிட்டுத் தள்ளி வைத்தார்.

"சாரே, இதில ஒப்பு போட்டா அவளுக்க பிள்ளையளுக்க கார்டில அம்மை இல்லாமப் போவும். பெத்த அம்மைய நோக்கணும்னா, பெத்த பிள்ளைய விடணுமா? இன்னைக்கி இவளுக்கு நான் பொய் சொல்லுவேன். பொறவு அக்கரையில இருக்கிற மத்தவளுவளுக்கு ஆரு சொல்லுவா?"

விதியின் இரண்டாம் வாக்கியத்தை அவரிடம் காட்டினேன். காட்டாமல் இருந்திருக்கலாம். அன்றே கூட்டத்தில் தீர்மானம் போட்டார். எல்லைக்கு அப்பால் கட்டிக்கொடுத்த மகள்கள் எல்லாருக்கும் நிபந்தனையைத் தளர்த்த வேண்டும் என்று பரிந்துரை திருவனந்தபுரத்துக்குப் போனது.

விஷயம் தெரிந்து மகள் அலுவலகத்துக்கு வந்தாள். நான் எழுந்து கதவைச் சாத்தினேன். சாத்தியும் வெளியே நின்றவர்களுக்கு எல்லாம் கேட்டிருக்கும்.

"பிரசிடெண்டண்ணே, ஒரு ஒப்பு கேட்டேன். ஒரே ஒரு ஒப்பு. ஒங்களுக்க கையி தேஞ்சா போவும்? ஊருக்கெல்லாம் நியாயம் செய்யுததுக்கு எனக்க அம்மையாக்கும் கெடச்சாளா?"

"மக்கா, கொஞ்சம் பொறு. வரும்."

"எப்பம் வரும்? அம்மை செத்த பதினாறுக்கா?"

அவள் போன பிறகு, தலைவர் ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்துவிட்டு, "அவ சொன்னதில தப்பு உண்டா சாரே?" என்று கேட்டார். இல்லை என்றேன். "எனக்கும் அதுதான் தோணுது" என்றார். ஆனாலும் சான்றில் கையெழுத்துப் போடவில்லை.

பருவம் முடிவதற்குள் அவள் ஆலைக்குத் திரும்பினாள். தலைவர் சொல்லி, பக்கத்து வீட்டுப் பெண்கள் முறை வைத்து அம்மையைப் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் அவரவர் வேலை உண்டல்லவா, இடையில் சில மணி நேரம் அம்மை தனியே கிடந்தாள். முதுகில் புண் வந்தது. நர்ஸ் அதைச் சொன்ன வியாழக்கிழமை, தலைவர் வேறு எந்த வீட்டுக்கும் போகாமல் ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்தார்.

திருவனந்தபுரம் கேள்வி கேட்டது. பயனடைவோர் எத்தனை பேர்? தலைவர் எல்லை ஓரமாகக் குன்னத்துகால் பக்கம் வரை நடந்து விசாரித்து ஓர் எண் சொன்னார். தன் கோரிக்கைக்குப் பலம் சேர்க்கக் கூட்டிச் சொல்கிறார் என்று சந்தேகப்பட்டு நானும் ஒரு சுற்றுப் போய்ப் பார்த்தேன். குறைத்துத்தான் சொல்லியிருந்தார். அடுத்த கேள்வி வந்தது. அதற்கும் பதில் போட்டோம். பிறகு நினைவூட்டல்கள். எந்தக் கோப்பு எந்த மேசையில் எவ்வளவு காலம் உறங்கும் என்பது எனக்குத் தெரியும், ஆனால் தட்டி எழுப்பும் அதிகாரம் எந்தச் செயலருக்கும் கிடையாது.

இதற்குள் என்னை வேறொரு கேள்வி பிடித்துக்கொண்டது. அந்த மகள்களுக்கு ஓட்டு எல்லாம் அக்கரையில். ஒருத்திகூட இவருக்கு வாக்களிக்க முடியாது. படுக்கையில் கிடக்கும் தாய்மார்களோ வாக்குச்சாவடிக்குப் போகும் நிலையில் இல்லை. ஓட்டே இல்லாத இடத்தில் ஓர் அரசியல்வாதி எதற்காக அலைகிறார்? ஏதோ ஆதாயம் இருக்க வேண்டும் என்று நான் தேடினேன். உறவில் யாராவது படுக்கையில் இருக்கிறார்களா என்றுகூட விசாரித்தேன். ஒருவரும் இல்லை. கடைசியில் நேராகவே கேட்டுவிட்டேன். அவர் என்னை ஏத்தங்காய் பழுத்ததா என்று பார்ப்பது போலப் பார்த்தார். "எல்லாத்துக்கும் ஒரு காரணம் வேணுமா சாரே? ஒம்ம சர்வீஸ் புக்கில எழுதணுமா?" அதற்கு மேல் எதுவும் பெயரவில்லை. இன்றும் எனக்கு அது விளங்கவில்லை.

எதிர்க்கட்சிக்காரர்களுக்குக் காரணம் விளங்கியது, அல்லது விளங்கியதாகச் சொன்னார்கள். தேர்தல் நேரத்தில் டீக்கடையில் ஒருவர் உரக்கக் கேட்டார்: "இக்கரைக்காரன் வரி கெட்டணும், அக்கரைக்காரி வாங்கித் திங்கணுமா? அங்க போய் ஓட்டு கேளும்வே!" கடை சிரித்தது. தலைவரும் சிரித்தார். சிரிப்பு ஓட்டானபோது அவர் தோற்றுப்போனார். நான் அதற்கு முன்பே ஓய்வு பெற்றிருந்தேன். அவர் சந்தை முக்குக்குத் திரும்பிக் குலை வெட்டினார்.

திருவனந்தபுரத்திலிருந்து பதில் வந்த அன்று மாநில அரசு அலுவலகங்கள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. தபால் துறை மத்திய அரசு ஆகையால் வேலை செய்தது. விண்ணப்பதாரர் என்ற முறையில் மகளுக்கும் ஒரு நகல் வந்திருந்தது. மலையாளம் படிக்கத் தெரிந்தவள்தான், ஆனால் அரசாணை மலையாளம் வேறு மொழி என்பதால் என்னிடம் கொண்டுவந்தாள். படித்துச் சொன்னேன். நிபந்தனை தளர்த்தப்பட்டிருந்தது. ஆணை தேதியிலிருந்துதான், பழைய மாதங்களுக்குக் கிடையாது. "அம்மை உயிரோட உண்டு, அது போதும்" என்றாள். பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு சந்தை முக்குக்கு நடந்தாள்.

கடையில் நிற்க இடமில்லை. வறுக்க ஏத்தங்காய் வாங்க ஊரே கூடியிருந்தது. அவர் கையில் சீப்பு வெட்டும் கத்தி. கூட்டத்துக்கு இப்பால் நின்று அவள் காகிதத்தை உயர்த்திக் கத்தினாள்: "அண்ணே, வந்தாச்சு!"

கத்தி நின்றது.

"ஒனக்கு மட்டுமா, எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்!"

அவர் தலையை மட்டும் ஆட்டினார். வரிசையில் நின்றவருக்கு ஒரு சீப்பு வெட்டிக் கொடுத்தார், எடை போட மறந்துவிட்டார். வாங்கியவரும் நினைவூட்டவில்லை. திருவோணத்துக்கு முந்தின நாள், ஏத்தங்காய்க்கு வருடத்திலேயே அதிக விலை கிடைக்கும் உத்திராடம் அது.