மச்சான் கைகாட்டிய கறுப்புப் பெட்டி

ஃபிஜியில், நம்புவாவில் என் பக்கத்து வீட்டுக்காரர் சகியுசா. வயது முப்பத்தாறு. கல்யாணம், சாவு, சர்ச் விழா எதுவானாலும் குடும்பத்தார் எல்லாரும் ஒரே துணியில் உடுத்துவது ஃபிஜிக்காரர் வழக்கம். அதைக் கலவாட்டா என்பார்கள். அந்தத் துணிக்கு இலையும் கோடும் வரைந்து தருவது அவர் பிழைப்பு. பதினோரு வருடத்தில் இருநூற்றுப் பதினான்கு கலவாட்டா. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு தேதியோடு என்னிடம் இருக்கிறது.

அத்தனையும் சர்ச் அலுவலகக் கம்ப்யூட்டரில் வரைந்தவை. ஜூன் மூன்றாம் தேதி அது செத்தது. பாடகர் குழுவின் நாற்பத்தாறு பேருக்கான துணி பாதியில் நின்றது. இருபதாம் தேதி வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் படம் சேராவிட்டால் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவதாக அச்சுக்கடைக்காரர் சொல்லிவிட்டார். சகியுசாவிடம் இருந்தது ஆயிரத்து எழுநூறு டாலர்.

தலைநகர் சுவாவில் மூன்று கடை ஏறினோம். ஒருவர் கிராபிக்ஸ் கார்டுதான் உயிர் என்றார். ஒருவர் மெமரி எட்டு என்றார், அடுத்தவர் மெமரி ஐந்நூறு என்றார்.

"எட்டு பெருசா, ஐந்நூறு பெருசா மாமா?" என்று சகியுசா என்னைக் கேட்டார்.

"அது வேற மெமரி, இது வேற மெமரியாம்."

"ரெண்டுக்கும் ஒரே பேரு வச்சவன் யாரு?"

நான்காவது கடையில் வேலை பார்ப்பவன் ஜொவேலி. சகியுசாவுக்கு அத்தை மகன். விவரம் தெரிந்தவன். ஆனால் ஃபிஜிக்காரர் வழக்கப்படி அந்த உறவில் ஒருவரை ஒருவர் சீண்டாமல் பேசக் கூடாது, கோபப்படவும் கூடாது. 2016இல் படகு பத்து மணிக்கு என்று இவன் சொல்லி, சகியுசா போனபோது அது எட்டுக்கே கிளம்பிப் போயிருந்தது.

"வா மச்சான். உங்க ஊருக்குக் கரண்ட் வந்துடுச்சா?"

"வந்துச்சு. உன் மூஞ்சியப் பாத்துட்டுத் திரும்பிப் போயிடுச்சு."

ஒரு பக்கம் கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கெரியும் புது மெஷின். மறு பக்கம் ஏதோ ஆபீஸில் கழித்துப் போட்ட கறுப்புப் பெட்டி. ஜொவேலி கறுப்பைக் காட்டினான்.

"இத எடு. மெமரி பதினாறு. மிச்சக் காசுக்கு நல்ல ஸ்கிரீன் வாங்கு. பழசுக்குப் பழசு, உனக்குப் பொருத்தம்."

வெளியே வந்ததும் சகியுசா கேட்டார்: "இது நிஜமா, கிண்டலா?"

செவ்வாய்க்கிழமை நான் மட்டும் நான்கு கேள்விகளை எழுதிக்கொண்டு போனேன். ஜொவேலி மரியாதையாகவே பதில் சொன்னான். அதே கறுப்பு, அதே பதினாறு.

"சிரிச்சானா மாமா?"

குறிப்பைப் பார்த்தேன். "ஒரு தடவை. மூணாவது கேள்விக்கு."

"அது என்ன?"

"ஸ்கிரீன்."

"அப்ப ஸ்கிரீன் பொய்யா?" கொஞ்சம் யோசித்தார். "நீங்க எனக்காகத்தான் வந்தீங்கன்னு அவனுக்குத் தெரியுமா?"

"நானே சொன்னேனே."

"போச்சு. அப்ப நாலுமே மச்சானுக்குச் சொன்ன பதில்."

வியாழன் மதியம் சகியுசா பாதிப் படம் இருந்த பென் டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனார், கூட நானும். ஜொவேலி சாப்பிடப் போயிருந்த நேரம். இரண்டு மெஷினிலும் போட்டுக் காட்டச் சொல்லி அங்கிருந்த பெண்ணிடம் கேட்டார். எட்டு மெமரி இருந்த விளக்கு மெஷின், படத்தின் ஈரப்பலா இலையில் வந்து நான்கு நிமிடம் சுற்றிக்கொண்டே நின்றது. கறுப்பு இருபது விநாடியில் திறந்தது. கறுப்பையும் ஸ்கிரீனையும் ஆயிரத்து அறுநூற்று நாற்பதுக்கு எடுத்தார்.

படம் வெள்ளிக்கிழமை 3.25க்கு அச்சுக்கடை சேர்ந்தது.

சனிக்கிழமை ஜொவேலி வீட்டுக்கு வந்து மேஜையைப் பார்த்தான்.

"ஐயோ மச்சான், கறுப்பையா வாங்கினே? நான் விளையாட்டுக்குத்தானே சொன்னேன்."

சகியுசா அவனைப் பார்த்தார், ஓடிக்கொண்டிருந்த பெட்டியைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"இப்ப சொல்றது நிஜமா மாமா?"

இருநூற்றுப் பதினைந்தாவது துண்டு என்னிடம் வந்துவிட்டது. பச்சை இலை, சிவப்புக் கோடு. ஐந்தாவதாக என் குறிப்பில் சேர்த்த அந்தக் கேள்விக்கு எதிரே மட்டும் இன்னும் ஒன்றும் எழுதவில்லை.