பாகாலா மைதானத்துச் சண்டைப் படம்

என் அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். நைனாவுக்குத் தன் அப்பாவின் முகம் தெரியாது. இவர் வயிற்றில் இருக்கும்போதே அவர் காய்ச்சலில் போய்விட்டார். வீட்டில் ஒரு போட்டோகூடக் கிடையாது. என் தாத்தாவான அவர் பாகாலாவில் ரயில்வே வேலை பார்த்துக்கொண்டே குத்துச்சண்டை போட்டவர். ஒருமுறை அவர் சண்டை போட்டதை ஊர் ஊராக வந்த பயாஸ்கோப்காரன் ஒருவன் படம் பிடித்து, அதே மைதானத்தில் கொட்டகை போட்டு மூன்று நாள் காட்டினானாம். பிறகு அந்தப் படச்சுருள் சித்தூர் மிஷன் பங்களாவுக்குப் போய்ச் சேர்ந்ததாகக் கேள்வி. நைனா நடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அவருடைய அம்மா, அப்படியே உங்க அப்பா நடை என்பாராம்.

எண்பத்து நாலு வயதில் நைனாவுக்குக் கண் போக ஆரம்பித்தது. திருப்பதியில் டாக்டர் பார்த்துவிட்டு, விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுக்கொண்டு வருகிறது, ஊசி போட்டால் கொஞ்சம் தள்ளிப்போகும், நிற்காது என்றார். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது நைனா சொன்னார்.

"அந்தப் படத்தக் கொஞ்சம் தேடிப் பாரும்மா. கண்ணு இருக்கச் சொல்லவே ஒரு வாட்டி அவரு நடக்கறதப் பாத்துடறேன்."

எதையும் இதுவரை கேட்காத மனிதர். பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். தன் மாத்திரையைத் தானே அட்டையிலிருந்து கத்தரித்து, முனை குத்தாமல் இருக்க நான்கு மூலையையும் வளைத்து வெட்டி டப்பாவில் வைத்துக்கொள்வார். கண் மங்கிய பிறகும் விரலால் தடவியே அதைச் செய்தார். அவர் வாய் திறந்து கேட்டதை எப்படியாவது கொண்டுவந்து தந்துவிடுவேன் என்று எனக்கு அன்றைக்குப் பெரிய நம்பிக்கை.

நான் திருப்பதியில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பவள். முப்பது வருஷம் பிலிமைக் கையில் பிடித்தவளுக்கு ஒரு பிலிமைத் தேடத் தெரியாதா என்று நினைத்தேன். தெரியவில்லை. மிஷன் பங்களாவில் மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் அலமாரியைத் திறக்காமலேயே இல்லை என்றார்கள். பழைய படங்களைப் பாதுகாக்கும் காப்பகம் ஒன்றுக்கு எழுதினேன். படத்தின் பெயரையும் எடுத்த நிறுவனத்தையும் குறிப்பிடச் சொல்லி ஒரு படிவம் வந்தது. பாகாலாவில் கொட்டகை போட்டவனுக்கு ஏது நிறுவனம்? அந்தக் காலத்துக் குத்துச்சண்டைப் படங்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஒரு வெளிநாட்டுக்காரரை இணையத்தில் கண்டுபிடித்தேன். பாவம், நல்ல மனுஷர். அந்தக் காலத்துப் படங்களில் பெரும்பாலானவை அழிந்தே போய்விட்டன, பெரிய வீரர்களுடையதே முழுசாக இல்லை என்று பொறுமையாகப் பதில் எழுதினார். உங்கள் தாத்தா எந்த எடைப் பிரிவு என்றும் கேட்டிருந்தார். முகமே தெரியாதவரின் எடைக்கு நான் எங்கே போவேன்.

மூடிப்போன தியேட்டர் ஒன்றில் புரொஜெக்டர் ஓட்டிய பெரியவரையும் விடவில்லை. பழைய பிலிமையெல்லாம் கிலோ கணக்கில் வாங்கிக் கொண்டுபோய் வளையல் செய்தார்கள் என்றார் அவர். "உங்க தாத்தாவ யாரோ கையில போட்டுக்கினு இருந்திருப்பாங்கம்மா" என்று சிரித்தார். எனக்கு வந்த கோபத்தில் அவர் கொடுத்த டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

இப்படியே ஒரு வருஷம் போயிற்று. ஞாயிறுதோறும் நான் சித்தூர் போகும்போது நைனா படத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார். என் காலடிச் சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, கொஞ்ச நேரம் அப்படியே இருப்பார். அவ்வளவுதான். கேட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருக்கும் எனக்கு. அந்த வருஷக் கடைசியில், நேராகப் பார்த்தால் என் முகம் அவருக்குத் தெரியாமல் போனது. கழுத்தைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்தால் மட்டும் கொஞ்சம் தெரியும்.

அப்போதுதான் மிஷன் சபைச் செயலாளர் போன் செய்தார். பங்களாவை இடிக்கப் போகிறார்கள், சாமான்களை ஒழித்தபோது வட்டமான தகர டப்பா ஒன்று கிடைத்தது, மேலே இங்கிலீஷில் பாக்சிங், பாகாலா என்று எழுதியிருக்கிறது என்று தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடித்தார். நான் லீவு சொல்லக்கூட மறந்து பஸ் ஏறினேன். வழியெல்லாம் அழுகையும் சிரிப்புமாக வந்ததில் பக்கத்து சீட்டுக்காரம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

டப்பாவைக் கையில் வாங்கியதுமே தெரிந்துவிட்டது. கனம் இல்லை. மூடியைத் திறந்தால் புளித்த வாடை வந்தது. சுருளே இல்லை. நடுவில் சுற்றுகிற கட்டையும், அதில் ஒட்டிக்கொண்டு ஒரு முழத்துக்குக் குறைவான துண்டும்தான் மிச்சம்.

அதைத் திருப்பதிக்கு எடுத்துவந்து, சென்டரின் மூலையில் கிடந்த பழைய எக்ஸ்ரே விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்த்தேன். நெகட்டிவ். வானம் கறுப்பாக இருந்தது. கீழே கயிறு, கயிற்றுக்கு அந்தப் பக்கம் கூட்டம். கடைசிக் கட்டங்களில் மட்டும் ஓரத்திலிருந்து உறை போட்ட ஒரு கை உள்ளே நீண்டது. யாருடைய கை என்று சொல்ல வழியில்லை. அடுத்த கட்டத்தில் ஆள் வந்திருப்பார். அந்த இடத்தில்தான் துண்டு முடிந்தது. கிழிந்து முடியவில்லை, கத்தரிக்கோலால் சுத்தமாக வெட்டப்பட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் நைனாவிடம் சொன்னேன். ஈரத்தில் கெட்டுப்போச்சு என்று சொல்லத்தான் பஸ்ஸில் ஒத்திகை பார்த்திருந்தேன். என் வாய் என்றைக்கு என் பேச்சைக் கேட்டது?

"எவனோ அறிவு கெட்டவன் வெட்டி எடுத்துக்கினு போயிருக்கான் நைனா. அவன் கை வெளங்கவே வெளங்காது" என்று துண்டை அவர் கையில் வைத்தேன்.

நைனா அதைக் கண்ணுக்குக் கொண்டு போகவில்லை. கட்டைவிரலால் ஓரத்தைத் தடவிக்கொண்டே வெட்டின பக்கம் வந்தார். ஒரு மூலையைத் தடவினார். அடுத்த மூலையைத் தடவினார். மறுபடி முதல் மூலைக்கு வந்தார். எனக்கும் அப்போதுதான் கண்ணில் பட்டது. இரண்டு மூலையும் குத்தாமல் வளைவாக வெட்டியிருந்தது.

"கறுப்பாவா இருக்குது?" என்றார்.

"ஆமா நைனா."

"நான்தாம்மா வெட்டுனது."

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது ஒரு சூரிய கிரகணம் வந்தது. ஊரே கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தது. நைனா மட்டும் எங்களைப் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக நிற்க வைத்தார். எந்தப் பிள்ளையின் கண்ணும் கெட்டுவிடக் கூடாதென்று பங்களாவில் போய்க் கறுப்புக் கண்ணாடி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். அப்போதிருந்த போதகர் எதற்கும் ஆகாத பிலிம் என்று ஒரு சுருளை டப்பாவிலிருந்து எடுத்துத் தந்திருக்கிறார். டப்பாவை நைனா பார்க்கவே இல்லை. இரவெல்லாம் உட்கார்ந்து துண்டு துண்டாக வெட்டி, பிள்ளைகள் கண்ணில் குத்தாமல் இருக்க மூலைகளை வளைத்து, இரண்டு துண்டாகச் சேர்த்து ஒட்டித் தந்தார். கட்டையோடு மிஞ்சியதைப் பங்களாவுக்கே திருப்பி அனுப்பிவிட்டார். எனக்கும் ஒன்று தந்தார். அதன் வழியாகச் சூரியன், கடித்த அப்பம் மாதிரி தெரிந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இப்போதானால் அப்படியும் பார்க்கக் கூடாது என்கிறார்கள். அன்றைக்கு அவருக்குத் தெரிந்த பத்திரம் அவ்வளவுதான்.

நான் சொன்ன சாபத்தைத் திரும்ப வாங்க ஒரு வழியும் தெரியவில்லை. அந்தக் கை என் எதிரில் துண்டைப் பிடித்துக்கொண்டு மடியில் கிடந்தது. ஏதாவது பேசியாக வேண்டும் என்று, அந்தப் பிள்ளைகளில் யாராவது பத்திரமாக வைத்திருப்பார்கள், நான் விசாரிக்கிறேன் என்றேன்.

"இருக்காதும்மா. முடிஞ்ச உடனே குப்பையில போட்டுடணும், ஊட்டுக்கு எடுத்துக்கினு போய் மறுபடியும் சூரியனப் பாக்கக் கூடாதுன்னு சொல்லித்தான் குடுத்தேன். சொன்ன பேச்சக் கேக்கற பசங்க."

நானும் போட்டிருக்கிறேன். அது அவருக்கும் தெரியும்.

நைனா துண்டை மேசைமேல் வைக்கத் தடவினார். நான் அவர் கையைப் பிடித்து வைக்க உதவினேன். அவர் கையை விடவில்லை.

"குடுக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு துண்டையும் என் கண்ணுல வெச்சிப் பாத்தேம்மா" என்றார். "சூரியன் தெரியுதான்னுதான் பாத்தேன்."