அண்ணியாகப் போகிறவள் சொன்ன ரகசியம்

போன வருஷம், மலேசியாவில் எங்கள் ஊரான பத்து பாகாட்டில், எங்கள் வீட்டில் அண்ணனின் கல்யாண வேலைகள் மும்முரமாக இருந்த நேரம். பெண் வேறு யாருமில்லை, இடைநிலைப்பள்ளியிலிருந்தே என்னோடு படித்த தோழிதான். அந்தச் சந்தோஷத்தில் நான் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

ஒருநாள் அவள் என்னைத் தனியாக அழைத்து ஒரு விஷயம் சொன்னாள். கல்யாணம் முடிந்ததும் அண்ணனைக் கூட்டிக்கொண்டு ஜொகூர் பாருவுக்குத் தனிக்குடித்தனம் போகப் போகிறாளாம். அங்கிருந்து எல்லை தாண்டிப் போய்வர, சிங்கப்பூரில் வேலைகூடத் தேடிக்கொண்டாளாம். அண்ணனுக்கே இன்னும் தெரியாது, யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்றாள். நானும் தலையாட்டித் தொலைத்தேன்.

வீட்டிலோ அம்மா, மருமகள் வரப்போகிறாள் என்று மாடி அறைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார். "அவளுக்கு என்ன கலர் பிடிக்கும்டி?" என்று அவர் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்காது. என் முகத்தைப் பார்த்தே அண்ணன் கண்டுபிடித்துவிட்டான். எதை மறைக்கிறாய் என்று குடைந்தான். "அவளையே கேளுண்ணே" என்றேன். கேட்டிருக்கிறான். ஒன்றுமில்லையே என்று அவள் சிரித்தாளாம். என்னிடம் எதையுமே ஒளிக்காத அண்ணன், அன்றோடு என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டான்.

கல்யாணச் சேலை எடுக்க நானும் அவளும், துணிக்கடைகளுக்குப் பேர்போன தங்காக் ஊருக்குப் போனோம். கடையில் இருக்கும்போது அம்மா போன் செய்து, கட்டிலை ஜன்னல் பக்கம் போடலாமா என்று அவளிடம் கேட்கச் சொன்னார். எனக்குத் தாங்கவில்லை. அம்மாவிடம் நீயே உண்மையைச் சொல்லிவிடு என்று அவளிடம் கெஞ்சினேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐயோ, அலமாக்! அந்த ஜொகூர் பாரு கதையெல்லாம் சும்மா லா! நீ எனக்கு ஃபிரெண்டா, இல்ல அவருக்குத் தங்கச்சியான்னு பார்த்தேன். பாஸ் பண்ணிட்ட! இத யார்கிட்டயும் சொல்லிடாத."

கையிலிருந்த சேலையைக் கீழே வைத்தேன். "இந்த ரகசியத்த நான் காப்பாத்த மாட்டேன். இப்பவே அண்ணனுக்குப் போன் போட்டு நீயே சொல்லு. அதுவரைக்கும் இந்தக் கடைய விட்டு வர மாட்டேன்" என்றேன். சமாதானம் சொல்லிப் பார்த்தாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். நான் அசையவில்லை. கடைசியில் போனை எடுத்தாள்.

அன்று சாயங்காலம் அண்ணன் வந்து என் எதிரே உட்கார்ந்து, "சாப்பிட்டியா?" என்றான். அதற்கே நான் அழுதுவிட்டேன்.

அவள் இப்போது என் அண்ணி. அந்த மாடி அறையில்தான் இருக்கிறாள், நாங்கள் நன்றாகத்தான் பழகுகிறோம். ஆனால் யாராவது ரகசியம் என்று ஆரம்பித்தால், அது நிஜம்தானா என்று கேட்டுவிட்டுத்தான் இன்றும் காது கொடுக்கிறேன், அண்ணியாகவே இருந்தாலும் சரி.