ரத்தம் சொல்லாத சேதி

1. ஸ்லைடில் செம்மண்

இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வருடங்களில், கள்ளக்குறிச்சிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியனாக இருந்தேன். சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். மலைக்குப் போகும் பஸ்ஸும் நின்றுவிட்டது, மெட்ராஸ் பஸ்ஸும் நின்றுவிட்டது. நோயாளிகள் மட்டும் எப்படியோ நடந்து வந்து சேர்ந்தார்கள்.

ஒரு காலை லேடி டாக்டரிடமிருந்து ஒரு ஸ்லைடு வந்தது. ஹெர்பிஸ் சந்தேகம், உடலுறவில் தொற்றக்கூடிய கொப்புள நோய். புண்ணின் அடியில் லேசாகச் சுரண்டி, சாயம் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரே செல்லுக்குள் பல கருக்கள் நெருக்கியடித்துக்கொண்டு தெரிந்தால் ஹெர்பிஸ் வகை என்று எழுதலாம். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். செல்லையே காணோம். ஸ்லைடு முழுக்கச் செம்மண்.

எழுந்து போய்க் கேட்டேன். "மேடம், புண்ணுலேர்ந்து எடுத்தீங்களா, செங்கல் சூளையிலேர்ந்து எடுத்தீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. "காவி பூசியிருக்காங்க சார். கழுவிக் கழுவிப் பார்த்தேன், போகலை."

எங்கள் பக்கத்தில் கொப்புளம் எதுவானாலும் பெயர் ஒன்றுதான், அக்கி. அக்கி வந்தால் குயவரிடம் போவார்கள். அவர் செங்காவியைக் குழைத்துக் கொப்புளத்தின் மேல் எழுதி அனுப்புவார். இந்தப் பெண்ணுக்குப் புண் வந்த இடம் வெளி ஆள் எழுதக்கூடிய இடமில்லை. அதனால் மாமியார் குயவரிடம் காவியை மட்டும் வாங்கிவந்து தானே பூசியிருக்கிறார்.

அவளைச் செல்வி என்று சொல்கிறேன், உண்மைப் பெயர் வேறு. தியாகதுருகம் பக்கத்துப் பெண். வடக்கனந்தலில் நிலபுலம் உள்ள வீட்டில் வாழ்க்கைப்பட்டு ஆறு மாதம்கூட ஆகவில்லை.

மாமியார் லேப் ஜன்னலுக்கு வந்துவிட்டார். "இன்னா சார், இது யார்கிட்டேர்ந்து வந்துச்சுன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க. ஊர்ப் பெரியவங்க பஞ்சாயத்துக்கு உக்காரப் போறாங்க. இவ கொண்டாந்ததுன்னா இவளை அம்மா வூட்டுலயே வுட்டுடலாம்னு இருக்கோம்."

"உங்க பையனுக்குப் பார்த்தீங்களா?"

"அவனுக்கு இன்னா? கல்லு மாதிரி கீறான். முதல்ல யாருக்கு வந்துச்சோ அவங்கதானே குடுத்தது?"

செல்வி அவருக்குப் பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உட்கார முடியாத வலி.

முதலில் புண் வந்தவர்தான் கொடுத்தவர் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கும். இந்தக் கிருமிக்கு அந்த நியாயம் தெரியாது. வருடக்கணக்கில் ஒருவர் உடம்பில் சத்தமில்லாமல் இருக்கும். புதிதாக வாங்கிக்கொண்டவருக்குத்தான் பெரும்பாலும் புண் கடுமையாக வரும். அதையும் அடித்துச் சொல்ல முடியாது.

2. மோர் இல்லாத பிளாஸ்க்

ஸ்லைடு உதவவில்லை என்பதால், ரத்தத்தில் ஆன்டிபாடி பார்க்கலாம் என்றார் டாக்டர். அதற்கு மெட்ராஸ் போக வேண்டும். செல்வியின் ரத்தத்தை எடுத்து, அதன் தெளிநீரான சீரத்தைப் பிரித்து, ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் வைத்து, தெரிந்த கண்டக்டரிடம் கொடுத்தேன். அரசாங்க நடைமுறையில் இதற்கு வேறு வழி எழுதியிருக்கும். எழுதியவர் மறியலில் மாட்டியிருக்க மாட்டார்.

பஸ் உளுந்தூர்பேட்டையைத் தாண்டவில்லை. முன்னால் மரம், பின்னால் மரம். பிளாஸ்க் திரும்பி வந்தபோது ஐஸ் வெந்நீராகியிருந்தது.

"நான் பத்திரமாத்தான் வச்சிருந்தேன் சார்," என்றார் கண்டக்டர். "ஒரு பெரியவர் மோர்னு நெனச்சித் தொறந்துட்டாரு."

"குடிச்சாரா?"

"டியூபைப் பார்த்ததும் மூடிட்டாரு. அப்பறம் அந்தப் பக்கமே வரலை."

சீரம் கலங்கிப் போயிருந்தது. இனி மறுபடி ஊசி, மறுபடி காத்திருப்பு. அந்த நாட்களில் எனக்கு வேலை ஓடவில்லை. முடிவு வருவதற்குள் பெரியவர்கள் கூடிவிட்டால், என் கையில் எந்தக் காகிதம் இருந்தும் பயனில்லை. நல்லவேளையாக அந்தப் பெரியவர்களும் சாலையில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

இன்னொரு பயமும் இருந்தது. அன்றைய பரிசோதனைக்கு உதட்டுக் கொப்புளமும் கீழே வரும் கொப்புளமும் ஒன்றுதான். சின்ன வயதில் உதட்டில் வந்துபோன ஆளுக்கும் பாசிட்டிவ் காட்டும். செல்விக்குப் பாசிட்டிவ் என்று ஒரே ஒரு காகிதம் அந்த வீட்டுக்குப் போனால், அவள் கதை அதோடு முடிந்தது.

3. மாமியார் சொன்ன சாட்சி

வழி திறந்ததும் மூன்று பேரும் வந்தார்கள். கணவர் டீக்கடையிலேயே நின்றுகொண்டார். செல்வி இரண்டாம் தடவையாகக் கையை நீட்டினாள். எடுத்து முடித்துவிட்டு, "அவரையும் கூப்பிடுங்க" என்றேன்.

"எதுக்கு?" என்றார் மாமியார்.

"ஒருத்தர் ரத்தத்தை வச்சி யாரு குடுத்தாங்கன்னு எப்படிப் பாக்கறது?"

"அவனுக்கு ஒண்ணும் இல்லைன்னு சொல்றேன். அக்கி வரும், அவ்ளோதான். வருஷத்துக்கு ஒரு தபா, அதே எடத்துல. காவி வாங்கியாந்து குடுப்பேன், அவனே பூசிப்பான், ஒரே வாரம், போயிடும். அதே காவிதான் இவளுக்கும் பூசினேன். இவளுக்குக் கேக்கலைன்னா இவ ஒடம்பு அப்படி!"

செல்வி தலையை நிமிர்த்தினாள். நான் டியூபை ஸ்டாண்டில் வைத்துவிட்டுக் கேட்டேன்.

"கல்யாணத்துக்கு முன்னாடியேவா?"

"சின்ன வயசுலேர்ந்து வரலை. ஒரு மூணு நாலு வருஷமாத்தான்."

டாக்டர்கள் அக்கி என்று சொல்லும் நோய் ஒரே ஆளுக்கு ஒரே இடத்தில் வருடாவருடம் வருவது அபூர்வம்; அப்படித் திரும்பத் திரும்ப வருவது ஹெர்பிஸின் குணம். ஆனால் விளக்கம் சொல்வது டெக்னீஷியன் வேலை இல்லை. டீக்கடையிலிருந்து கணவரையும் வரவழைத்து, மூவரையும் டாக்டர் அறைக்கு அனுப்பி, கேட்டதைக் கேட்டபடி டாக்டரிடம் சொன்னேன். டாக்டர் முதலில் கணவரைத் தனியாகப் பார்த்தார். எல்லார் முன்னாலும் பேசக் கணவர் ஒப்புக்கொண்ட பிறகு மூவரையும் உட்காரவைத்துப் பேசினார்.

மாமியாரின் குரல் இறங்கிவிட்டது. "அப்ப இவன்தான் குடுத்தானாம்மா?"

"அதுவும் எனக்குத் தெரியாது. எந்த டெஸ்ட்டும் அதைச் சொல்லாது. கல்யாணத்துக்கு முன்னாடியே இவருக்கு இந்த மாதிரி வந்திருக்கு. அதுவரைக்கும்தான் தெரியும். பெரியவங்ககிட்ட பேசினா அதையும் சேர்த்துச் சொல்லுங்க."

"பெரியவங்களுக்கு இதெல்லாம் எதுக்கு? வூட்டோட இருக்கட்டும்."

அப்போதுதான் செல்வி வாய் திறந்தாள். "இல்லைங்க அத்தை. உக்காரட்டும். என்னைக் கேக்கறதா இருந்ததையெல்லாம் அவரையும் கேக்கட்டும்."

4. கற்றுக்கொண்டது

பெரியவர்கள் உட்காரவில்லை. மகனையும் விசாரிக்க வேண்டும் என்றதும் அந்த வீட்டுக்கு அவசரம் போய்விட்டது. செல்வி தானாகவே கொஞ்ச காலம் தாய்வீட்டில் இருந்தாள். கணவர் போய்க் கூப்பிட்ட பிறகு திரும்பினாள். மெட்ராஸிலிருந்து வந்த முடிவு இருவருக்கும் பாசிட்டிவ். யாரிடமிருந்து யாருக்கு என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

லேபுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இரண்டு. நோயின் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். அந்த ஊரில் அதற்கு என்ன பெயரோ அதைச் சொல்லிக் கேளுங்கள். அடுத்தது, ஜோடியில் ஒருவர் மட்டும் வந்தால், இன்னொருவர் எங்கே என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு ஊசியை எடுங்கள்.

அன்றைக்கு டாக்டர் பேசி முடித்த பிறகு, கணவர் கடைசியாகத்தான் லேபுக்குள் வந்தார். சட்டைக் கையை மடிக்கவே நேரமானது. "இதுல எல்லாம் தெரிஞ்சிடுமா சார்?"

"இருக்கா இல்லையான்னு தெரியும். எப்ப வந்துச்சு, யாரால வந்துச்சுன்னு தெரியாது."

"அதுவே தெரியாதுன்னா எதுக்கு சார் குத்திக்கினு?"

பெஞ்சில் உட்கார்ந்திருந்த செல்வி எனக்கு முன்னால் பதில் சொன்னாள்.

"நான் ரெண்டு தபா குத்திக்கினேன். நீங்க ஒரு தபா நீட்டுங்க."

நீட்டினார்.