தலைகீழ் நெருப்பு

செங்கல் சூளையில் வளர்ந்து, ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை முடித்துக்கொண்டவன் அனுமந்தன்பட்டி இஞ்ஞாசிமுத்து. யாரிடமும் கற்காமல் தானே தூரிகை பிடித்தவன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கில் கம்பம் பக்கம் ஓடிய லாரிகளில் பாதி அவன் படம் எழுதியவை. அவனுக்கு ஈடான கை மதுரை வரை கிடையாது.

போடிமெட்டில் ஏலத்தோட்டம் வைத்திருந்த கேப்டன் குரியனுக்கு ஒரு பைத்தியம். விரலளவு ஈயச் சிப்பாய்களை மேஜையில் இரு படையாக நிறுத்திச் சண்டை ஆடுவார். ஒரு படையின் கேடயங்களிலெல்லாம் தீச்சுடர் வரைய இஞ்ஞாசிமுத்துவை அழைத்தார். அணில் வால் மயிர் மூன்றை ஈர்க்கில் கட்டி, பன்னிரண்டு கேடயத்தையும் எழுதி முடித்தான்.

குளிருக்குச் சுவரோரம் மூட்டியிருந்த கணப்பின் அருகே நின்று, கேப்டன் ஒன்றைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார்.

"எடோ, தலைகீழா போட்டிருக்க! தீன்னா அடி சிவப்பா, நுனி மஞ்சளா இருக்கணும். எதிர்ப்படைக்கு மெட்ராஸ்ல படிச்ச ஆர்ட்டிஸ்ட் போட்டதப் பாரு. லாரிக்காரனுக்கு என்ன தெரியும்? அழிச்சுப் போடு. இல்லேன்னா போடி பஜார்ல உன் பேரு நாறிரும்."

"படிச்சவுக நெருப்பப் பார்த்ததே இல்லையாக்கும்? உங்க கணப்பு எரியுதுல்ல, அங்கன பாருங்க. அடி வெளுப்பு, நடு மஞ்சள், நுனி சிவந்து கருக்குது. சூளை வாயில பத்து வருசம் வெந்தவன்யா நான்!"

கேப்டன் கணப்பையே வெறித்தார். முகம் சுண்டிப்போயிற்று.

"சரி, சரி. அந்த எதிர்ப்படையையும் நீயே மாத்தி எழுது."

இஞ்ஞாசிமுத்து தூரிகையை மண்ணெண்ணெயில் கழுவினான்.

"படிச்சவன் போட்ட தீ. லாரிக்காரன் தொட்டா அணைஞ்சு போகும்."

சொல்லிவிட்டு மலையிறங்கினான். அதன்பிறகு அந்த மேஜையில், நிஜத் தீயும் பொய்த் தீயும்தான் மோதிக்கொண்டன.